பெயர் போடாத குரல்

வாத்தியமே இல்லாமல் வாயாலேயே இசைக்கும் இரண்டு குழுக்களின் ஒலித்தட்டுகளைக் கேட்டு ஒப்பிட்டு, பத்திரிகைக்கு விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார் அவர்.

"எது தேவலை?" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"ரெண்டாவதுதான். ஒரு பொம்பளைக் குரல் அடியில நின்னு எல்லாரையும் தாங்குது. ஆயுசு பூரா கேட்கலாம். அட்டையில பேருதான் போடல."

மனைவி மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தக் குழுவை நடத்துகிறவருக்கு போன் செய்து, அது யாரென்று கேட்டார்.

"உங்க வீட்டம்மாதான் சார்! ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம வர்றாங்களே. நீங்க விமர்சகர்ங்கிறதால பேர் வேண்டாம்னுட்டாங்க."

சொந்தக்காரர்களைப் பற்றி எழுதக் கூடாது என்பது பத்திரிகையின் விதி. எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

"ஏதாவது பேசேன், கேட்கிறேன்."

"இருபது வருஷமா பேசிக்கிட்டுத்தாங்க இருக்கேன்," என்றாள் அவள்.