தொண்டைத் தண்ணி

“இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்” என்று கிளம்பிவிட்டார் கண்ணாடிக் கடைக்காரர்.

கடைக்கு அரை நாள் பூட்டு. கையில் நான்கு பக்கப் புகார். செல்போனில் ஆதாரம்; நேற்றைய மேட்ச் முழுக்கப் பதிவு. போட்டுக் கேட்கத்தான் நேரமில்லை. சாட்சிக்கு மகளையும் இழுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனார்.

எல்லாம் அந்தக் கோச்சம்மாவால் வந்தது.

பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களின் சாஃப்ட்பால் அணி அது. இருநூறு பேரில் பதினைந்து பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். மகளுக்கு இடம் கிடைத்தபோது வீட்டில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. மைதானத்துக்குப் போன பிறகுதான் கோச்சம்மாவின் தொண்டை தெரியவந்தது.

“ஏய் செகண்ட் பேஸ்! பந்துதானே வருது, மந்திரி காரா வருது? ஒதுங்கி வழி விடறே!”

செகண்ட் பேஸில் நிற்பது அவர் மகள்.

“கையில மாட்டியிருக்கறது கிளவுஸா, தலைகாணி உறையா?”

அதுவும் அவர் மகளுக்குத்தான். அன்றே கோச்சம்மாவுக்கு ‘சைரன்’ என்று பெயர் வைத்துவிட்டார்.

“கொஞ்சம் பொறுத்துக்குங்களேன்” என்றாள் மனைவி. “அந்த டீம்ல இடம் கிடைக்கறதே குதிரைக்கொம்பு. திட்டு வாங்கிக்கிட்டாவது விளையாடட்டும்.”

“பெத்த வயிறு எனக்கே எரியுது, உனக்கு எரியலியா?”

“பெத்தது நான்.”

மகளிடம் கேட்டால், அவள் அதற்கும் மேல். “மேடம் திட்டினா எனக்குச் சிரிப்புதாம்பா வரும். விட்டுடுங்க.”

பாவம், பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினார்.

மற்ற பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்டும் பார்த்தார். பல் டாக்டர் பேனாவை உதறிப் பார்த்துவிட்டு, எழுதவில்லை என்றார். வேறு பேனா கொடுத்ததும் அவருக்கு அவசரமாகக் கை வலி வந்துவிட்டது. டெய்லரம்மா மட்டும், “அந்தம்மா கத்தறதால எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லீங்க” என்று சொல்லி, அவரையே ஒரு மாதிரி பார்த்தார்.

கோழைகள்!

கிளப் செயலாளர் நான்கு பக்கத்தையும் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதுவும் இவர் கடையில் வாங்கியதுதான்.

“வர்ற ஞாயித்துக்கிழமை செலக்‌ஷன் மேட்ச். இப்போ போய்க் கோச்சை மாத்தினா டீமே கலகலத்துப் போயிடும் சார்.”

“போகட்டும். ஒண்ணு அவங்க இருக்கணும், இல்லே என் பொண்ணு இருக்கணும்.”

மூலை நாற்காலியில் கிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மகள் சட்டென்று நிமிர்ந்தாள்.

அந்த நேரம் கோச்சம்மா உள்ளே வந்தார். கழுத்தில் மஃப்ளர். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“பார்த்தீங்களா! நேத்து கத்தின கத்துல தொண்டையே போச்சு. இதுக்கு மேல ஆதாரம் வேணுமா? இருந்தாலும் கேளுங்க.”

செல்போனை மேஜைமேல் வைத்து ஓடவிட்டார்.

“பாப்பா! முட்டியை மடக்கு! மடக்குன்னா மடக்கணும்!”

செயலாளர் திடுக்கிட்டு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“அது நான். போன் என் கையில இருந்துச்சுல்ல, அதான் கொஞ்சம் பெரிசாக் கேக்குது. இப்போ வருவாங்க பாருங்க.”

வந்தார். “ஏய் செகண்ட் பேஸ்! நீ என்ன சிலையா? காக்கா வந்து உக்காரப் போகுது!”

“கேட்டீங்களா? இன்னும் இருக்கு.”

“கண்ணு எங்கடி இருக்கு? ஊருக்கே கண்ணாடி மாட்டி விடறவன் பொண்ணு நீ!”

“இதுவும் நான்தான். இது உற்சாகப்படுத்தறது.”

“கிளவுஸா, தலைகாணி உறையா?”

“இது அவங்க.”

“உனக்குப் பதிலா அங்க ஒரு நாற்காலியைப் போட்டிருந்தாக்கூட, பந்து மோதி நின்னிருக்கும்!”

“இது வந்து…” அவர் அவசரமாகச் செல்போனைத் தட்டினார். அது நிற்கிற வழியாக இல்லை. கோச்சம்மா “ஏய்ய்ய்…” என்று அலற ஆரம்பித்து, பாதியில் குரல் கிழிந்து, புஸ்ஸென்று அடங்குவது வரை ஓடிவிட்டுத்தான் நின்றது.

செயலாளர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“போன மாசம் வெளியூர் மேட்ச்சுக்கு உங்களால வர முடியல, ஞாபகம் இருக்கா?” என்றார் செயலாளர். “அன்னைக்கு மேடம் சத்தமா ஒரு வார்த்தை பேசல. கை ஜாடையிலயே ஜெயிச்சுட்டு வந்தாங்க.”

“அப்போ நான் இருக்கறப்ப மட்டும் எதுக்குக் கத்தணும்? என்மேல அவங்களுக்கு என்ன விரோதம்?”

கோச்சம்மா மகளைப் பார்த்தார். வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார்.

மகள் எழுந்து வந்தாள்.

“நான்தாம்பா கேட்டுக்கிட்டேன். எங்கப்பா கத்த ஆரம்பிச்சா, அது என் காதுல விழாதபடி அதுக்கு மேல கத்துங்க மேடம்னு.”

கிளவுஸின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள்.

“பாவம்பா மேடம், நேத்து தொண்டைத் தண்ணி வத்தக் கத்தினாங்க. அப்படியும் அந்த நாற்காலி மட்டும் கேட்டுடுச்சு.”