கறுப்புக் கண்ணாடியில் தெரிகிறவன்

அச்சு இயந்திரத்தின் முன்னால் நின்று டிசைனர் வாயெல்லாம் பல்லாகத் தன் சினிமா போஸ்டரை விளக்கிக்கொண்டிருந்தார். "சாய்ஞ்ச துப்பாக்கி நம்ம பார்வையை மேலே ஏத்தி, உளவாளியோட கறுப்புக் கண்ணாடியில கொண்டுபோய் நிறுத்தும். அதுல தெரியறவன்தான் சாகப்போறவன். எப்படி என் மூளை?"

அச்சகத்தை நடத்தும் அக்கா இயந்திரத்தில் தாளை ஏற்றினாள். அந்த மூளை அவளுடைய தம்பியுடையது. அவன் வரைந்த இந்தப் போஸ்டர் படத்தைத் திருடியதோடு, தம்பிக்கே திருட்டுப் பட்டம் கட்டி வேலையை விட்டு விரட்டியவர் இவர். அந்த அவமானத்திலேயே அவன் கண்ணை மூடினான்.

முதல் தாள் வந்தது. கண்ணாடிக்குள் டிசைனர் நின்றார், இன்று போட்டிருந்த அதே கட்டம்போட்ட சட்டையில்.

"என்னக்கா விளையாட்டு இது? அழிங்க!"

வண்ண அச்சின் நான்கு மைகளுக்கும் தனித்தனி அச்சுத் தகடு உண்டு. இயந்திரத்தை நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினாள். எதிலும் அந்த உருவம் இல்லை. நான்கும் சேர்ந்து தாளில் விழும்போதுதான் வருகிறது.

"எதுல இருந்து அழிக்கட்டும், சொல்லுங்க சார்."

மறுபடி ஓடவிட்டாள். தாளுக்குத் தாள் சட்டையின் கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன.

"உருவம் பெருசானா, உளவாளி கிட்ட வர்றான்னு அர்த்தம் சார்" என்று பொறுமையாக விளக்கினாள்.

"நிறுத்துங்கக்கா!"

அவள் வேகத்தைக் கூட்டினாள்.