ஒன்பது சென்டிமீட்டர்

கொண்டையைப் பிரிக்கச் சொன்னார்கள்.

காவலர் தேர்வில் உயரம் அளக்கும்போது கொண்டை இருக்கக் கூடாதாம். கொண்டையை வைத்து உயரம் காட்டி வேலைக்குச் சேர்ந்த பெண்கள் யாராவது முன்பு இருந்திருப்பார்கள் போலும்.

அவளுக்கு அந்தத் திருட்டு தேவையே இல்லை. கேட்ட உயரத்துக்கு மேலேயே இருந்தாள். கொண்டையும் உச்சியில் இல்லை, பிடரியில்தான் இருந்தது.

இருந்தாலும் பிரித்தாள்.

அவிழ்ந்த முடி முழங்காலைத் தொட்டது.

வரிசையில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உயரம் அளந்த பெண் காவலர், தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்று விசாரித்துவிட்டுத்தான் உயரத்தைச் சொன்னார்.

அவளுக்கு எரிச்சலாக வந்தது. அந்தக் கொண்டையைப் போட வீட்டில் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

எட்டு மாதமாக விடிந்தும் விடியாமலும் பள்ளிக்கூட மைதானத்தில் ஓடியவள் அவள். கால் பழகிவிட்டது. மூச்சும் பழகிவிட்டது. முடி மட்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. ஒற்றைப் பின்னல் ஓட ஓட முதுகில் சாட்டை மாதிரி அடித்தது. பனியனுக்குள் செருகினால் வியர்வையில் ஊறி நாளெல்லாம் அரித்தது. உச்சிக் கொண்டை மூன்றாவது சுற்றில் சரிந்து கழுத்தைப் பின்னால் இழுத்தது. கடைசியில் இரண்டு பின்னல் போட்டு, இரண்டையும் பிடரியில் சுருட்டி, ஷூ லேஸால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே வலை மாட்டிப் பார்த்தாள்.

அது நின்றது.

வெட்டிவிட்டால் இவ்வளவு பாடும் இல்லை. கேட்டும் பார்த்தாள்.

அப்பா கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் சொன்னார்.

"வேல கெடைச்சா நீயே வெட்டிக்கோ அம்மிணி. கெடைக்காமப் போயிட்டா, பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட வேற என்ன இருக்குது?"

அவள் வாங்கிய பி.எஸ்சி. பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது. அதற்கு அடியில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னார்.

வயது இருபத்தாறு முடியப்போகிறது. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது.

இன்று தேறினால் காக்கிச் சட்டை. தேறாவிட்டால் கல்யாணத் தரகர் நாச்சிமுத்து.

உயரம் முடிந்த கையோடு நீளம் தாண்டப் போகச் சொன்னார்கள். மறுபடி கொண்டை போட நேரம் கேட்டாள். அழகுபடுத்திக்கொள்ள இது கல்யாண வீடு இல்லை என்றார் ஒருவர். நடந்துகொண்டே ஒற்றைப் பின்னலாகப் பின்னினாள். நுனியில் ரப்பர் பேண்டு மாட்டும்போதே அவள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மூன்று மீட்டர் தாண்ட வேண்டும். மூன்று வாய்ப்பு.

பயிற்சியில் மூன்றரை வரைக்கும் தாண்டியிருக்கிறாள்.

முதல் முறை, பாதி ஓட்டத்தில் பின்னல் தோளைச் சுற்றிக்கொண்டு முகத்துக்கு வந்தது. கோட்டைத் தாண்டி மிதித்துவிட்டாள். செல்லாது.

இரண்டாவது முறை, பின்னலின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு ஓடினாள். மூச்சு முட்டியது. இரண்டு மீட்டர் எண்பது.

மூன்றாவது முறை, முடியைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டாள். அது பாட்டுக்கு ஆடட்டும். போகட்டும். எட்டு மாதத்தில் முதன்முறையாகத் தலையில் ஒன்றும் இல்லாதவளைப் போல ஓடினாள்.

குதித்தபோதே தெரிந்துவிட்டது.

குதிகால் இரண்டும் மூன்று மீட்டர் குறிக்கு நன்றாக அப்பால் இறங்கின. குந்தியவள் அப்படியே முன்னால் எழுந்தாள். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

டேப்போடு வந்த பெண் ஆய்வாளர் குதிகால் பதிந்த இடத்துக்கு வரவில்லை. அரை மீட்டர் முன்னாலேயே குனிந்தார்.

மணலில் மெல்லிதாக ஒரு கோடு இருந்தது. கோட்டின் முனையில் ரப்பர் பேண்டின் தடம்.

கால் பதிந்த இடம் அங்கே இருக்கிறது என்று காட்டினாள். ஆய்வாளர் நல்லவர். பொறுமையாக விளக்கினார். உடம்பில் எது பட்டாலும், பின்னால் எது பட்டதோ அங்கிருந்துதான் அளக்க வேண்டுமாம்.

"தலைமுடியும் உடம்புதாம்மா."

இரண்டு மீட்டர் தொண்ணூற்றொன்று.

உடம்பு என்றால் அது அவளுடையதாக இருந்திருக்க வேண்டும். அவளுடையதாக இருந்திருந்தால் எட்டு மாதத்துக்கு முன்பே வெட்டி எறிந்திருப்பாள்.

யாரிடம் போய் இதைச் சொல்வது?

வாசலுக்கு வெளியே அப்பா வெயிலில் நின்றிருந்தார். அவருக்கு உறைக்கட்டும் என்று ஒன்று விடாமல் சொன்னாள். கொண்டையைப் பிரித்ததை, நேரம் கேட்டதை, மணலில் விழுந்த கோட்டை.

அப்பா தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பின்னல் எங்கே பட்டது என்று இரண்டு முறை கேட்டார். முகம் வாடிவிட்டது.

உறைத்துவிட்டது என்றுதான் நினைத்தாள். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

பேருந்தில் அவளுக்குப் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. அப்பா நாலு வரிசை பின்னால் இருந்தார். ஊர் எல்லை தாண்டியதும் அவர் கைப்பேசியில் பேசத் தொடங்கினார். பேருந்து முழுவதும் கேட்கும்படியான குரல் அவருக்கு.

"ஆமாங்க நாச்சிமுத்து, வேல ஆகலைங்க. வர்ற ஞாயித்துக்கெழமையே மாப்பிள்ளை வூட்டுக்காரங்கள வரச் சொல்லிருங்க."

மறுமுனையில் தரகர் எதையோ கேட்டிருக்க வேண்டும். அப்பாவின் குரல் நிமிர்ந்தது.

"முடியைக் கேக்கறீங்களா? நாஞ் சொல்றதே வேண்டாமுங்க. இன்னைக்குப் போலீசே டேப்பு வெச்சு அளந்துட்டாங்க."