வழித்துணை வண்டி

பல்கலைக்கழகத்தில் பிரியாணி சுமந்துகொண்டிருந்த ரோபோ வண்டிகளைப் பார்வையற்றோருக்கு வழித்துணையாக மாற்றினார்கள். 'மானுட நேய நகர்வுப் பெருந்திட்டம்' என்று பெயர் சூட்டி, துணைவேந்தர் ஒன்றரை மணி நேரம் முழங்கினார்.

பார்வை போனபின் ஆறு மாதமாக வெளியே வராத கணக்குப் பேராசிரியை பூங்கோதை, ஒரு வண்டியின் கைப்பிடியைப் பற்றி நடந்தாள். தூங்குமூஞ்சி மரங்கள் அவள்மேல் பூ உதிர்த்தன. தரை மிதப்பதுபோல் இருந்தது. "உன் பரிதாபம் வேண்டாம், இனிமே வராதடி" என்று தோழி மெர்சியை ஆறு மாதம் முன்பு விரட்டியிருந்தாள். இன்று மெர்சி கதவைத் திறப்பாளா?

மெர்சியின் வாசலில் வண்டி நின்றது. பெயரை மாற்றியவர்கள் குரலை மாற்ற மறந்திருந்தார்கள்.

"உங்கள் ஆர்டர் வந்துவிட்டது. சூடு ஆறுமுன் பெற்றுக்கொள்ளவும்."

கதவு திறந்தது.

"ஆறு மாசம் லேட்டு," என்றாள் மெர்சி, குரல் உடைய. "ரிட்டர்ன் எல்லாம் கிடையாது. உள்ள வாடி."