படம் துள்ளாமல் ஓடியது

"படம் துள்ளுது. முகம் ஒண்டும் தெரியல்ல. சரியாக்கு," என்றார் இராணுவ அதிகாரி.

மட்டக்களப்பில் கலியாண வீடியோ தொகுக்கும் அந்தக் கடையில் வேலைக்குச் சுகிர்தா மட்டும்தான் இருந்தாள். கொம்பியூட்டரில் ஓடியது அம்மன் கோயில் சடங்கு. இயக்க ஆட்களைக் காட்டிக்கொடுக்க ஒருவனைக் கொண்டுவந்து, சாக்கால் முகத்தை மூடித் திரையின் முன்னால் உட்கார்த்தியிருந்தார்கள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் படத்தில் இருப்பவனின் கதை முடிந்தது.

அந்தக் கோயில் கூட்டத்தில் அவளுடைய தம்பியும் இருந்தான்.

"பழைய கொம்பியூட்டர் சேர். இப்பிடித்தான் ஓடும்."

"வேற கடையில வடிவா ஓடினா உன்னையும் ஏத்துவம்."

வீடியோவில் நொடிக்கு இருபத்தைந்து படம். திரை மினுங்குவதோ அறுபது தடவை. கணக்கு ஒட்டாததால்தான் துள்ளல். திரையை எழுபத்தைந்துக்கு மாற்றினால் ஒவ்வொரு படமும் சரியாக மூன்று தடவை தெரியும். வேறு வழியில்லாமல் மாற்றினாள்.

படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. தீச்சட்டியோடு வந்த தம்பி நேராகப் பார்த்துச் சிரித்தான்.

சாக்குக்காரன் முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தான்.

"தெரியுமா?" அதிகாரி அவன் தோளை உலுக்கினார்.

"இதில எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்ல, சேர்."

அவனை அடித்து வாகனத்தில் ஏற்றினார்கள். கூப்பிடவும் முடியாமல், அழவும் முடியாமல் சுகிர்தா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது, போன மாரி மழைக்காலத்தில் வவுணதீவுக்குப் போய் வீடு திரும்பாத அவளுடைய புருசனின் குரல்.