கடைசி பெஞ்சு

தேயிலைத் தோட்டத்தை மூடிய பிறகு அந்த மலையில் மிச்சமிருந்தது தேவாலய உபதேசியார் ஞானாபரணமும் சலோமியின் குடும்பமும்தான். சனிக்கிழமை சலோமி வீட்டாரும் திருப்பூருக்கு வண்டி ஏறினார்கள். "நீங்களும் வந்துருங்க அய்யா. இனி யாருக்குப் பிரசங்கம் பண்ணப் போறீங்க?" என்று சலோமி அழுதாள். மறுநாள் அவர் வழக்கம்போல் கோயிலைத் திறந்து, பீடத்தருகே நின்று, "சமாதானம் உங்களோடிருப்பதாக" என்றார். காலி பெஞ்சுகளுக்கு மேலாகப் போய் அவர் குரலே திரும்பி வந்தது. வேதாகமத்தை மூடிவிட்டு இறங்கி, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் உட்கார்ந்திராத கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ஆண்டவரே, இன்னிக்கு நான் மட்டும்தான் வந்திருக்கேன்." அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்லியாக வேண்டும் என்றும் தோன்றவில்லை. நெஞ்சு மெல்ல அடங்கியது. திறந்திருந்த வாசல் வழியே மூடுபனி உள்ளே வந்தது. அவர் சற்று நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.