குண்டு துளைத்த ஜாக்கெட்

"அய்யய்யோ! என்னம்மா காரியம் பண்ணி வச்சிருக்கே?"

கடை முதலாளி போட்ட சத்தத்தில், கண்ணாடி முன்னால் நின்று ராணுவத் தொப்பியைச் சாய்த்துச் சாய்த்து அழகு பார்த்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

அவனுக்கு ஆபீசில் 'மேஜர்' என்று பெயர். பட்டாளத்துக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கரப்பான்பூச்சி பறந்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிற ஆசாமி. ஆனால் பழைய ராணுவ பேன்ட், பூட்ஸ், கான்வாஸ் பை என்று தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டு வருவதில் அவனை அடிக்க ஆளில்லை.

இந்த மாடிக்கடைக்கு வந்ததும் ஒரு ஜாக்கெட்டுக்காகத்தான். வெளிறிய பச்சை, தோளில் பட்டி, விலாப்பக்கம் ஒரு ஓட்டை. இடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தரச் சொல்லி உள்ளே அனுப்பியிருந்தான்.

இப்போது அது முதலாளி கையில் இருந்தது. ஓட்டை பாதி தைக்கப்பட்டு, ஊசி நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே திரையை விலக்கிக்கொண்டு தையல்காரம்மா வந்து நின்றாள்.

"கிழிசல்னு நெனச்சுத் தச்சுட்டேன்யா..."

"கிழிசலா? குண்டு பாஞ்ச இடம்மா இது! ஒருத்தன் உசுரு போன வழி. அதைப் போயி நூலால அடைக்கிறியே, நெஞ்சுல ஈரம் இருக்கா உனக்கு?"

மேஜருக்குப் புல்லரித்தது. பூச்சி அரித்த ஓட்டை என்றல்லவா அவன் நினைத்திருந்தான்!

"தப்புதாங்க. மன்னிச்சிருங்க."

"என்கிட்ட எதுக்கு? இதுகிட்ட கேளு."

முதலாளி ஜாக்கெட்டை மேஜைமேல் விரித்தார். தையல்காரம்மா அதன் கைப்பகுதியைத் தொட்டாள்.

"மன்னிச்சிருப்பா" என்றாள். சொன்ன மாத்திரத்தில் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"அழுதுட்டா சரியாயிடுமா? தச்சதைப் பிரிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பு. நாளையிலேருந்து வேலைக்கு வர வேணாம்."

அவள் நகத்தால் ஒவ்வொரு தையலாகப் பிரிக்க ஆரம்பித்தாள். முதலாளி மேஜர் பக்கம் திரும்பினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இதை விக்க எனக்கு மனசே வரல. கண்ணாடிப் பெட்டியில வச்சுக் கும்பிட வேண்டியது."

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? நான் மட்டும் கும்பிட மாட்டேனா?" என்று பதறினான் மேஜர். எங்கே கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில், முதலாளி இரண்டு மடங்கு சொன்னபோதும் பேரம் பேசவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினான்.

பாதிப் படியில் மனசு குத்தியது. பாவம், அந்தம்மா பிழைப்பில் மண் விழுந்துவிட்டதே. தெரியாமல் செய்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா? அவளுக்காக நாலு வார்த்தை பேசிவிட்டு வரலாம் என்று திரும்ப ஏறினான். நல்ல எண்ணம்தான். அதைக் குறை சொல்லக்கூடாது.

கடையில் யாரும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து துணி கருகும் வாசனை வந்தது. கூடவே முதலாளியின் குரல்.

"இன்னிக்கு நல்லா வந்துச்சுக்கா. முன்னெல்லாம் கண்ணீர் வர்றதுக்குள்ள கஸ்டமரே கிளம்பிடுவான். டீ குடிங்க, ஆறுது."

"ஆகட்டுங்க. அடுத்த ஜாக்கெட்டுக்கும் விலாவுலயே சுட்டுடட்டுங்களா?"

"வேணாம், வேணாம். எல்லாத்துக்கும் ஒரே இடத்துல ஓட்டை இருந்தா எவனாவது கண்டுபிடிச்சிடுவான். வேற இடமாப் பாத்து வைங்க."

டீ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"பட்டாளத்துலேருந்து என் மகனோட சட்டை திரும்பி வந்தப்ப, ஓட்டை தொப்புளுக்கு மேல இருந்துச்சுங்க."

"அப்ப அங்கேயே போடுங்கக்கா. அச்சு அசலா இருக்கும்."

துணி மறுபடியும் கருகியது.

மேஜர் கையில் இருந்த பை திடீரென்று கனத்தது. உள்ளே போய் ஜாக்கெட்டை முதலாளி மூஞ்சியில் விட்டெறியத் துடித்தான். ஆனால் போனால் ஒட்டுக்கேட்டது தெரிந்துவிடும். அந்தம்மாவின் முகத்தில் எப்படி விழிப்பது? அவள் பிழைப்பும் கெடும். நாளைக்கு வந்து பேச்சில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். இப்படிப் பல சமாதானம் சொல்லிக்கொண்டு பூனைமாதிரி இறங்கிப் போனான். மனுஷனுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

மறுநாள் ஆபீசில் அவரவர் இஷ்டப்படி உடுத்திக்கொண்டு வரலாம் என்ற சலுகை நாள். கடைக்குப் போகிற வழியில்தான் ஆபீஸ். சும்மா பையில் கிடப்பதை ஒரே ஒரு நாள் போட்டால் என்ன கெட்டுப்போகும்?

ஏசி அறைக்குள் அவன் நுழைந்ததும் நாற்காலிகள் எல்லாம் திரும்பின. பக்கத்து மேஜைக்காரன் எழுந்து வந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான்.

"என்ன மேஜர், சிகரெட்டால சுட்டாங்களா? நல்லா ஏமாத்திட்டானுங்க உன்னை!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வரவேற்பில் உட்காருகிற பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

மேஜரின் காது சிவந்தது. விரலைத் தட்டிவிட்டான்.

"விளையாடாதேடா. இது நிஜக் குண்டு" என்றான். ஓட்டையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். "இதைப் போட்டிருந்தவனோட அம்மாவை நேத்துதான் பாத்துட்டு வந்தேன். இதைத் தொட்டுத் தொட்டு எப்படி அழுதாங்க தெரியுமா?"